கிறிஸ்பின் சித்தப்பா நலமாக இருக்கிறார்

டார்வின்
2 செப்டம்பர் 1975

அன்புள்ள செசல்தினாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நானும் உன் மருமகள் ஒதெத்தியும் உயிரோடு கரை சேர்ந்துவிட்டோம். கப்பலில் நிற்கத்தான் இடமிருந்தது. வழி முழுக்க உன் மருமகள் என் பாவாடையில்தான் வாந்தி எடுத்தாள். மாற்றிக்கொள்ள எடுத்து வைத்திருந்த பாவாடை உன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அதை நீ உடுத்திக்கொள், வீணாக்காதே.

நம் ஊரின் இரண்டு கட்சிகளும் தெருவில் சுட்டுக்கொள்வதற்கு நான் எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று துறைமுகத்தில் வைத்தே உன் அண்ணனிடம் சண்டை போட்டேன். “ரெண்டு வாரத்துல எல்லாம் அடங்கிடும். நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன், ஏறு” என்றார். டாக்டர்கள் எல்லாம் போர்த்துக்கல் திரும்பிவிட்டபின் கம்பவுண்டர் அபிலியோவாகிய தாம்தான் டிலி ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்தப் பெருமையில் சோறு தின்ன மறந்துவிடுவார். நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இந்த ஊரைப் போன கிறிஸ்துமஸ் அன்று புயல் அடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. பாதி வீடுகளுக்கு இன்னும் கூரை இல்லை. அப்படியும் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன், இவர்கள் ரொட்டியும் பஞ்சும் ஒன்று. பக்கத்து அறை நொரீன் நல்ல பெண். ஒதெத்திக்குச் செருப்பு கொடுத்தாள். கொடுத்துவிட்டு, திமோர் என்பது ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இங்கிருந்து விமானம் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊரைத்தான் கேட்கிறாள்.

இரண்டு வாரம் என்றாரே, மூன்றாவது வாரமும் ஆகப்போகிறது என்று அவரிடம் சொல்.

உன் அண்ணி
எர்மெலிந்தா


டிலி
4 நவம்பர் 1975

அன்புள்ள அண்ணிக்கு,

தபால் இல்லை. செஞ்சிலுவை விமானத்தில் திரும்பும் ஒரு நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பாவாடை எனக்கு இடுப்பில் நிற்கவில்லை. நீங்கள் அங்கே பஞ்சு ரொட்டி தின்று இளைத்து வந்தால்கூட அது உங்களுக்குத்தான் ஆகும்.

ஊருக்குள் சண்டை ஓய்ந்துவிட்டது. சந்தை கூடுகிறது, சேவல் சண்டையும் நடக்கிறது. ஆனால் எல்லைப் பக்கம் சரியில்லை. மாலியானாவிலிருந்து காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். சுட்டவர்கள் நம் ஆட்கள் இல்லை, இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அவர்களுடைய ரேடியோவைக் கேட்டால், திமோரில் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்கிறார்களே, ஐயோ பாவம், சமாதானம் செய்துவைக்க வருகிறோம் என்று உருகுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அண்ணன் நலம். உங்களைக் கூட்டிவர இப்போது ஆள் தேடவும் முடியாது, ஆஸ்பத்திரியை விடவும் முடியாது என்கிறார். முகம் வாடித்தான் இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் கிறிஸ்பின் சித்தப்பா கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மனிதர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வெற்றிலை பாக்கும் ஒரு சிகரெட்டும் வைத்தோம். “இருந்தப்பவும் ஓசி சிகரெட்டுதான், இப்பவும் அதேதான்” என்றார் அண்ணன். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒதெத்திக்கு அத்தையின் முத்தங்கள்.

செசல்தினா


டார்வின்
20 டிசம்பர் 1975

செசல்தினா,

ஏழாம் தேதி விடிகாலையில் டிலியில் விமானங்களிலிருந்து சிப்பாய்கள் குதித்தார்கள் என்று ரேடியோ சொன்னது. கடலிலிருந்து குண்டு போட்டார்களாம். அதன்பிறகு ஒன்றும் தெரியவில்லை. நீ எங்கே? உன் அண்ணன் எங்கே?

பத்திரிகையை வாங்கி நொரீனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கிரிக்கெட் பக்கத்தைத் தாண்டிப் போய்த் தேடிக் கண்டுபிடித்தாள். கை அகலத்துக்குச் செய்தி. நடந்தது வருத்தத்துக்குரியது, ஆனால் பெரிய அயல்நாட்டோடு நட்பும் முக்கியம் என்று இங்கே பெரிய இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்களாம். வல்லான் வகுத்ததே வாய்க்கால். துறைமுகத் தொழிலாளிகள் மட்டும் அந்த நாட்டுக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்ற மாட்டோம் என்று நிற்கிறார்கள். அவர்களைப் போய்க் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல் இருந்தது.

இதை எந்த வழியாக அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன். ஒரு வரி போதும். இருக்கிறோம் என்று ஒரு வரி.

எர்மெலிந்தா


டிலி
15 மே 1977

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இங்கு அனைவரும் மிக்க நலம். இந்தோனேசிய ராணுவத்தாரின் தயவால் எங்களுக்கு அரிசியும் மருந்தும் குறைவில்லாமல் கிடைக்கின்றன. ஊரில் அமைதி நிலவுகிறது. பயமில்லாமல் தெருவில் நடக்கிறோம்.

என் அண்ணன் அபிலியோ கெட்டவர்களோடு சேர்ந்து மலைக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் அங்கே சுகமாக இருக்க மாட்டார் என்றே நம்புகிறோம்.

கிறிஸ்பின் சித்தப்பா நலமாக இருக்கிறார். முன்னைவிடப் பருத்திருக்கிறார். ராணுவத்தார் கொடுக்கும் அரிசியைத் தினமும் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். எங்களையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். உங்களுக்கும் ஒதெத்திக்கும் தம் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் சித்தப்பாவைக் கேட்டே எழுதுகிறேன்.

தங்கள்
செசல்தினா


டார்வின்
3 ஜூலை 1977

என் தங்கமே செசல்தினா,

இதை அந்தப் பக்கம் வரும் ஒரு சாமியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து உன்மேல் ஆத்திரப்பட்டேன். மருந்தும் அரிசியும் தருகிறார்களாமே, இவளும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாளோ என்று வாய்விட்டுத் திட்டிவிட்டேன். அப்புறம் சித்தப்பா வந்தார். செத்துப் போனவர் பருத்திருக்கிறார், மூன்று வேளை சாப்பிடுகிறார்! நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், அழுகைக்கு நடுவில் சிரித்தேன். புரிந்துவிட்டது. கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பவனுக்கு நம் சித்தப்பாவைத் தெரியாது. அரிசி இல்லை, மருந்து இல்லை, தெருவில் நடக்கப் பயம். உன் அண்ணன் மலையில் சுகமாக இருக்கிறார். இனி உன் கடிதம் எது வந்தாலும் தலைகீழாகவே படிப்பேன், நீ தைரியமாக எழுது.

ஒதெத்திக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எட்டு வயதில் பொய் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேனே என்று மனசு குத்தத்தான் செய்கிறது. ஆனால் அவள் கெட்டிக்காரி. “அத்தை நல்லா இருக்காங்கன்னா பசியோட இருக்காங்க. அப்பா நல்லா இல்லன்னா நல்லா இருக்காரு” என்று ஒப்பிக்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது, அப்பாவுக்கு ஆபத்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரகசியத்தை விழுங்கிவிட்டவள்போல் இருக்கிறாள், ஒரு வார்த்தை வெளியே வராது.

இங்கே நடந்த கூத்தையும் கேள். திமோர் பற்றி எழுதும் ஒரு பத்திரிகைக்காரர் உன் கடிதத்தைக் கேட்டு வந்தார். பெயர்களை மறைத்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். சித்தப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது, அதுதான் இதில் விஷயமே என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். பத்திரிகையில் எப்படி வந்தது தெரியுமா? ‘அரிசி தாராளம், ஊரில் அமைதி: டிலிப் பெண்ணின் கடிதம்’. சித்தப்பா செத்த விஷயத்துக்கு இடமில்லாமல் போய்விட்டதாம். மறுவாரம் ஒரு பெரிய மனிதர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, இந்த அகதிகள் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று பேசினார். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்து, உன் ஆட்கள் நன்றாக இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டார்கள். நல்லவர்கள்தான். நல்லவர்கள் நேராகப் படிக்கிறார்கள், என்ன செய்ய?

உன் அண்ணனுக்கு மலைக்குச் சேதி அனுப்ப முடிந்தால், ஒதெத்திக்கு முன்பல் முளைத்துவிட்டது என்று சொல்.

உன் அண்ணி
எர்மெலிந்தா


டிலி
12 மார்ச் 1979

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

மிகுந்த துக்கத்தோடு எழுதுகிறேன். என் அண்ணன் அபிலியோ இறந்துவிட்டார்.

மத்தேபியான் மலையிலிருந்து சரணடைந்து இறங்கியவர்களோடு அவரும் வந்தார். ராணுவத்தார் முகாமில் அவருக்கு நல்ல உணவும் சிகிச்சையும் அளித்தார்கள். ஆயினும் நோய் முற்றியிருந்ததால் பிழைக்கவில்லை. நானே அருகில் இருந்தேன். நானே அடக்கம் செய்தேன்.

நீங்களும் ஒதெத்தியும் உடனே கறுப்பு உடுத்துங்கள். மனைவி கறுப்பு உடுத்தினால்தான் அவருக்கு நாள் எண்ணத் தொடங்க முடியும். வருஷம் முடிந்து கறுப்பைக் கழற்றும் பூசையையும் வைக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கிறிஸ்பின் சித்தப்பாவைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

தங்கள்
செசல்தினா


டார்வின்
30 ஏப்ரல் 1979

அன்புள்ள செசல்தினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடைந்த துக்கத்தை எப்படிச் சொல்வேன்! நாங்கள் அழுத அழுகையைப் பார்த்து நொரீன் கேக் செய்துகொண்டு வந்தாள். நான் சோளமும் பூசணியும் போட்டு ஒரு பானை நிறையக் காய்ச்சி, இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு அழவைத்தேன். ஒருவர் கிதார் கொண்டு வந்திருந்தார்.

சித்தப்பாவிடம் நீ கேட்காமல் எழுதியதும் சரிதான். அவருக்கும் வயதாகிறது, ஒவ்வொரு கடிதத்திலும் அவரையே இழுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நீ கெட்டிக்காரி.

கீழே இறங்கியும் ‘பிழைக்காமல்’ போனவர் இனி எங்கே, எப்படி என்று நான் கேட்கமாட்டேன். ராணுவத்தார் அவருக்கு இவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தார்கள் என்று படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒதெத்தி நீச்சலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். இதை அவர் கல்லறையில் போய்ச் சொல். குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் மனுக்களை வாங்குகிறார்களாம், போய் விசாரித்துவிட்டு வந்தேன். அதையும் கல்லறையில் சொல்.

கறுப்புத் துணி இங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை. அவசரமும் இல்லை.

உன் அண்ணி
எர்மெலிந்தா


டிலி
8 செப்டம்பர் 1979

அண்ணி,

லிஸ்பனுக்குப் போக அனுமதி கிடைத்த ஒரு குடும்பம் தங்கள் குழந்தையின் துணிக்குள் வைத்து இதை எடுத்துப் போகிறது. யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. இதை நேராகப் படியுங்கள். தயவுசெய்து நேராகப் படியுங்கள்.

அண்ணன் செத்துவிட்டார்.

கேக் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள்மேல் கோபமில்லை. பொய் சொல்லிச் சொல்லி என் வாயே கெட்டுப்போயிற்று, உண்மை சொன்னால் எடுபடவில்லை. மார்ச் கடிதத்தில் நல்ல உணவு, சிகிச்சை என்ற வரியை எழுதாவிட்டால் கடிதமே போகாது என்றார்கள். அந்த ஒரு வரிதான் பொய். மற்றதெல்லாம் நிஜம்.

மத்தேபியானை விமானங்கள் வந்து அடித்தபின் ஜனங்கள் இறங்கினார்கள். செத்தவர்களின் ஆவி போய்ச் சேரும் மலை என்று நாம் சொல்வோமே, அங்கே உயிரோடு போய் மூன்று வருஷம் இருந்துவிட்டு, பாதிப் பிணங்களாக இறங்கினார்கள். மலையடிவார முகாமில் அண்ணன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, யார் யார் காலிலோ விழுந்து போனேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் “செசல்தினா, ஏன் தாண்டிப் போற?” என்றார். குரலில்தான் கண்டுபிடித்தேன்.

சோறு கொண்டுபோயிருந்தேன். அதில் பாதியைப் பக்கத்தில் கிடந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அதட்டினேன். “இனிமே சாப்பிட்டாலும் வயிறு வாங்காது. கம்பவுண்டர் சொல்றேன், நம்பு” என்றார். மலையில் மருந்து தீர்ந்தபின் இலையைக் காய்ச்சிக் கொடுத்தே காலத்தை ஓட்டினாராம். யாரும் பிழைக்கல, ஆனா ஒருத்தரும் தனியா சாகல என்று அதை மட்டும் பலமுறை சொன்னார். உங்களை நினைத்து அவர் அழவில்லை. நீங்கள் கப்பல் ஏறியதுதான் தாம் செய்த ஒரே நல்ல காரியம் என்றார். “அவ திட்டிக்கிட்டே ஏறினா. அந்தத் திட்டை நினைச்சுக்கிட்டேதான் மலை ஏறினேன்” என்றார். சில நாள் இருந்தார். என் மடியில்தான் போனார்.

ஆறு மாதமாக நான் மட்டும் கறுப்பில் இருக்கிறேன். மனைவி உடுத்தாத கறுப்பு பாதிக் கறுப்புதான் என்று ஊரில் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் வாசல் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. நான் பயப்படவில்லை அண்ணி, அவர்தானே. ஆனால் அவர் உள்ளேயும் வரமுடியாமல், மலைக்கும் திரும்பமுடியாமல் வாசலிலேயே நிற்கிறார். டார்வினில் அவருக்கு கேக் வெட்டினார்கள் என்றால் அவருக்கே தாம் செத்தோமா இல்லையா என்று சந்தேகம் வராதா? அவரை அனுப்பிவையுங்கள். கறுப்பு உடுத்துங்கள். ஒதெத்தியின் சட்டைக் கையிலும் ஒரு துண்டு கறுப்பு தைத்துவிடுங்கள்.

செசல்தினா


டார்வின்
5 நவம்பர் 1979

செசல்தினா,

உன் கடிதம் லிஸ்பன் சுற்றி, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தது. நேராகப் படித்தேன். நேராகத்தான் படித்தேன் என்று நீ நம்ப வேண்டும். முதல் தடவை படித்ததும், இல்லை, இதையும் யாரோ அவளை எழுதவைத்திருக்கிறார்கள் என்று மடித்து வைத்துவிட்டேன். ஆனால் ‘திட்டிக்கிட்டே ஏறினா’ என்பதை எந்த ராணுவத்தானும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அது அவர் பேச்சு. அப்புறம் என்னால் தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எத்தனை இளக்காரம் பேசியிருக்கிறேன்! அவர்கள் உன் சித்தப்பா கடிதத்தை நேராகப் படித்து ஏமாந்தார்கள். நான் உன் மார்ச் கடிதத்தைத் தலைகீழாகப் படித்து ஏமாந்தேன். கடலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவளுக்குக் கண் அவ்வளவுதான். கிதார் வாசித்தார்களே செசல்தினா, நான் கை தட்டினேனே. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

துணி கிடைக்காது என்று எழுதியது பொய். கிடைத்தது, கடையில் மலிந்து கிடக்கிறது. நானே வெட்டி நானே தைத்தேன். திருநாளன்று காலையில் உடுத்தினேன். கல்லறை இல்லாததால் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி, போங்கள், இனி நிற்காதீர்கள் என்றேன். உன் கதவு இப்போது திறக்கிறதா, எழுது. திறக்கிறது என்றால் நான் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சலவைக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் புருஷன் இறந்துவிட்டார் என்று சொன்னேன். நொரீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திமோர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். இவர்களிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

ஒதெத்தியிடம்தான் முடியவில்லை. அன்று காலையில் கறுப்பு உடையோடு அவள்முன் போய் நின்றேன். அவள் பள்ளிச் சட்டையை மடியில் வைத்து, அதன் கையில் ஒரு கறுப்புத் துண்டைத் தைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். தைத்து முடித்து, நம் பேச்சில், ஒரு வார்த்தையும் சுற்றி வளைக்காமல், “அப்பா செத்துட்டாரும்மா” என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது, செசல்தினா. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் அழுதேன். நான் அழ அழ அவள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இல்லடி, நிஜமாத்தான், அத்தையே எழுதியிருக்காங்க என்றேன். உன் கடிதத்தைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். மடி, சோறு, கதவு எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, என் காதுக்குள், “சரிம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்றாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இன்றும் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

உன் அண்ணி
எர்மெலிந்தா